அடகுக் கூடை

கணினிக்குள் வேலைநிறுத்தம் தொடங்கியபோது நான் கேன்டீனில் உளுந்த வடை தின்றுகொண்டிருந்தேன். உலகத்தில் எது முதன்முதலாக நடந்தாலும் நான் வடை தின்னும் நேரமாகப் பார்த்துத்தான் நடக்கும்.

"சார், நின்னு போச்சுங்க," என்று தீபலட்சுமி வந்து நின்றாள். கோயம்புத்தூர்க்காரி. எங்கள் கப்பல் கட்டும் யார்டுக்கு மென்பொருள் விற்ற கம்பெனி, அந்த மென்பொருள் எங்களால் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள அவளை அனுப்பி வைத்திருந்தது.

"சர்வரா?"

"சர்வர் நல்லாத்தானுங்க ஓடுது. ஆளுங்கதான் நின்னுட்டாங்க."

"எந்த ஆளுங்க? இப்பதானே வழியில பாத்தேன். எல்லாரும் வேலை செஞ்சிட்டுதானே இருந்தாங்க?"

"நெசமான ஆளுங்க இல்லீங்க சார். உள்ள இருக்கற ஆளுங்க."

பாதி வடையைச் சட்னியோடு விட்டுவிட்டு எழுந்தேன். யார்டுக்காக நான் செய்த தியாகம் எதுவும் அதுவரை அந்த அளவுக்குப் போனதில்லை.

உள்ளே இருக்கும் ஆட்கள் யாரென்று சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளம் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் எங்கள் யார்டு. நான் அங்கே திட்டப் பொறியாளர். பெயர் கோமதிநாயகம். மற்றவர்கள் வேலை எப்போது முடியும் என்று சொல்வதுதான் என் வேலை. நான் சொன்ன தேதியில் எந்தக் கப்பலும் முடிந்ததில்லை. ஆனால் தேதி சொல்வதில் நான் ஒருநாளும் தாமதித்ததில்லை. இந்தப் பெருமையில் மண்ணை அள்ளிப் போட வந்ததுதான் நிழல் யார்டு.

விஷயம் எளிது. யார்டில் ஒவ்வொருவர் தலையிலும் ஒரு ஹெல்மெட். நாம் நடப்பது, குனிவது, கொட்டாவி விடுவது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். சில வருஷம் அப்படிப் பார்த்ததில் ஒவ்வொருவருக்கும் கணினிக்குள் ஒரு நிழலை உண்டாக்கிவிட்டார்கள். வெல்டர் மாசானமுத்துவின் நிழல் மாசானமுத்துவைப் போலவே பற்றவைக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு அவரைப் போலவே மந்தமாகும். இங்கே ஒரு தகட்டைத் தூக்கி வைக்குமுன் நிழல்கள் அந்தக் கப்பலை உள்ளே ஆயிரம் தடவை கட்டிப் பார்த்துவிடும். எந்த வரிசையில் கட்டினால் சீக்கிரம் முடிகிறதோ அதுதான் எங்களுக்கு அட்டவணை.

எனக்கும் ஒரு நிழல் உண்டு. வந்த புதிதில் ஆசையாகப் போய்ப் பார்த்தேன். பொது மேலாளர் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டது. வாசிக்கவில்லை.

"துல்லியம் தொண்ணூத்தொம்பது சதவீதமுங்க சார்," என்றாள் தீபலட்சுமி பெருமையாக.

"மீதி ஒண்ணு?"

"கையெழுத்துப் போடறப்ப நீங்க சமயத்துல பெருமூச்சு விடுவீங்க. அது இன்னும் நிழலுக்கு வரலைங்க."

கட்டுப்பாட்டு அறைத் திரையில் கப்பலின் அடிவயிறு தெரிந்தது. கப்பலுக்கு அடியில் இரண்டு தளம். நடுவே தேன்கூடு மாதிரி அறை அறையாக டேங்குகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு நீள்வட்டமாக ஒரு வாய். அந்த வாய்களைச் சுற்றி நிழல்கள் நின்றன. கையில் வெல்டிங் டார்ச் இருந்தது. ஒருவரும் உள்ளே இறங்கவில்லை.

"என்ன மாத்தினே?"

"ஜி.எம். சார் 'சும்மா நிற்பவர்'களை எடுக்கச் சொன்னாருங்க. எடுத்தேன். அவ்வளவுதானுங்க."

சும்மா நிற்பவர் என்பது நிழல் யார்டில் ஒரு பிரிவு. ஹெல்மெட் போட்ட ஒருவர் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால், காதுக்குள் ஒரு பெண்குரல் மிகுந்த மரியாதையோடு, "நீங்கள் சும்மா நிற்கிறீர்கள்" என்று சொல்லும். யார்டில் அதை அதிகம் கேட்டவர்கள் டேங்க் வாய்க் காவல்காரர்கள். உள்ளே வெல்டிங் நடந்தால் வாயருகே ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே யாருக்காவது ஏதாவது ஆனால் சத்தம் போட்டு ஆள் கூப்பிட. ஒன்றும் ஆகாத நாளில், அதாவது அநேகமாக எல்லா நாளும், அவர்கள் செய்வது சும்மா நிற்பதுதான். காவலுக்கு ஆள் இருக்கிற டேங்கில் மட்டும்தான் வேலை நடக்கும் என்பதால் வேலை இழுக்கிறது. ஹெல்மெட்டிலேயே சென்சார் இருக்கும்போது காவல் எதற்கு, ஆட்களை எடுத்துவிட்டால் எல்லா டேங்கிலும் ஒரே நேரத்தில் இறங்கலாமே, மழைக்கு முன்னால் கப்பலைக் கடலில் இறக்கிவிடலாமே என்று பொது மேலாளர் ரகோத்தமன் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் தலையாட்டினேன்.

"ஸ்டிரைக் பண்ணச் சொல்லி யாரும் எழுதலீங்க," என்றாள் தீபலட்சுமி. "நெசத்துல இவங்க எப்படியோ நிழலும் அப்படித்தான். வாசல்ல ஆள் இல்லாட்டி இறங்க மாட்டாங்க. ஏன்னு அதுக்குத் தெரியாது. பாத்ததைச் செய்யுது."

ரகோத்தமன் வந்து பார்த்தார். கெட்டவர் இல்லை, தினமும் காலையில் எங்கள் எல்லாருக்கும் ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் அனுப்புகிறவர். கப்பலை வாங்குகிற நார்வேக்காரர்களுக்கும் இதே பூவை அனுப்பி, இதே தேதியை வாக்குக் கொடுத்திருந்தார்.

"இது பழக்கம்தானேப்பா, கோமதி? பழக்கத்தை மாத்திக்கலாம். தீபா, அந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துடும்மா."

"எடுக்கலாமுங்க. அது இன்னும் எது எதோட ஒட்டிட்டு இருக்குன்னுதான் தெரியலைங்க."

"எடுத்துட்டுப் பாரு."

எடுத்தாள். நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக டேங்குகளுக்குள் இறங்கின. கப்பல் கண்ணெதிரே வளர்ந்தது. ஐப்பசி பிறக்குமுன் கடலில் மிதந்தது. ரகோத்தமன் கைதட்டினார். நானும் தட்டினேன். அவர் தட்டினால் நான் தட்டுவேன். சந்தேகமிருந்தால் என் நிழலைக் கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் காலை தீபலட்சுமி மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நிழலுங்க ஆயிரம் தடவை கட்டினதுல ஒரே ஒரு ஓட்டம் காட்டறேன் சார். பாத்துட்டுச் சொல்லுங்க."

ஒரு டேங்கில் நாலு நிழல்கள் இறங்கின. மூன்று வெளியே வந்தன. வெல்டிங்குக்கு விடும் வாயு நல்ல காற்றைத் தள்ளிவிட்டு அடியில் தேங்கிக்கொள்ளும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, ஆளை இருமக்கூட விடாது. நாலாவது நிழல் மூலையில் சாய்ந்து உட்கார்ந்தது, சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுக்கிற மாதிரி. அதன் ஹெல்மெட் மேலே ஒரு கொக்கியில் தொங்கியது. வெக்கை தாங்காமல் எல்லாரும் அப்படித்தான் கழற்றி மாட்டுவார்கள். நிழல் அதையும் கற்றிருந்தது. தொங்கிய உயரத்தில் காற்று நன்றாக இருந்ததால் ஹெல்மெட் எல்லாம் சரி என்றது. மூடி வந்தது. போல்ட் முடுக்கினார்கள். கப்பல் கடலில் இறங்கியது. திரையில் பச்சை எழுத்தில் 'நிறைவு' என்று வந்தது.

நாலாவது நிழல் இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்தது.

"யாரும்மா அது?"

"இதுல மாசானமுத்து அண்ணனுங்க. வேற ஓட்டத்துல வேற ஆளு. முக்காவாசி ஓட்டத்துல ஒண்ணும் ஆகறதில்லீங்க. சிலதுலதான்."

"ஜி.எம்.கிட்ட காட்டினியா?"

"காட்டினனுங்க. 'கம்ப்யூட்டர்லதானேம்மா'ன்னு சொல்லிப்போட்டாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள புது ஷெட்யூல்ல நீங்க கையெழுத்துப் போட்டு ஏத்தோணுமாமுங்க. அஞ்சு தாண்டினா நார்வேக்காரங்க அதை ஒத்துக்க மாட்டாங்க, பழைய ஷெட்யூலே நிக்கும்னாரு."

ஒப்பந்தத்தில் திட்டப் பொறியாளர் என்று பெயர் போட்டிருப்பது எனக்குத்தான். என் கையெழுத்து சட்டைப் பையில் இருந்தது. பென்டிரைவ் மாதிரி ஒரு டோங்கிள். கணினியில் செருகினால் நான் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம். தொலைந்தால் புதிது வர ஒரு வாரமாவது ஆகும். மடியில் பூனையைக் கட்டிக்கொண்ட மாதிரி அது பையில் இருந்தது. எனக்குச் சொந்தமாகக் கருத்து எதுவும் கிடையாது என்பதால், யாரிடமாவது கடன் வாங்கலாமென்று டேங்க் பக்கம் நடந்தேன்.

மூன்றாம் நம்பர் டேங்கின் வாயில் காவலுக்குப் பிரகாசி அக்கா நின்றிருந்தாள். புன்னைக்காயல்காரி, குரல் கடல் தாண்டிக் கேட்கும். வலது கையில் ஒரு ஸ்பானர். இடது முழங்கையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு ஒயர் கூடை. நான் போனபோது மாசானமுத்து டேங்கில் இறங்கத் தயாராகி, வாய்க்குள் கையை விட்டுப் பல்செட்டைக் கழற்றி, ஒரு டப்பாவில் போட்டு, அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, என்ன இது?"

"அடகு சார். எறங்குதவுக ஒரு பொருளை வச்சிட்டுத்தான் எறங்கணும். மேல வந்து மொகத்தக் காட்டிட்டுத் திருப்பிக்கிடணும்."

"உள்ள போறவங்க மாட்டற டோக்கன் போர்டு இருக்கே?"

"டோக்கன் கம்பேனிக்கு. யாரு டோக்கன யாரு வேணா எடுத்து மாட்டிரலாம். இது எனக்கு." கூடையை விரித்துக் காட்டினாள். உள்ளே ஒரு ஜெபமாலை, ஒரு மோட்டார் சைக்கிள் சாவி, மூக்குப்பொடி டப்பா, உறையோடு ஒரு மூக்குக் கண்ணாடி, யாரோ ஒருவருடைய வேளாங்கண்ணி மெழுகுவர்த்தி. "திரும்பி வந்து கேக்குத மாதிரிப் பொருளா இருக்கணும். சும்மா கைக்குட்டய எல்லாம் வாங்க மாட்டேன்."

மாசானமுத்து பொக்கை வாயால் சிரித்தார். "எனக்கு மத்தியானம் கெளுத்திக் குழம்பு சார். பல்லு இல்லாம முடியுமா? வந்துதானே ஆகணும்?"

நிழல் யார்டுக்கு இந்தக் கூடை தெரியாது. அது ஹெல்மெட் வழியாகப் பார்த்ததெல்லாம், பிரகாசி என்றொருத்தி அசையாமல் நிற்கிறாள், அவள் நின்றால் மற்றவர்கள் இறங்குகிறார்கள் என்பது மட்டும்.

மாசானமுத்து இறங்கியதும் அவள் ஸ்பானரால் டேங்க் வாயில் மூன்று தட்டுத் தட்டினாள். உள்ளிருந்து மூன்று தட்டுத் திரும்பி வந்தது. அப்போது அவள் ஹெல்மெட் பேசியது, எனக்கே கேட்டது: "நீங்கள் சும்மா நிற்கிறீர்கள்."

"ஆமாட்டி," என்றாள் பிரகாசி. "நிக்கேன். ஒனக்கென்ன?"

"தெனமும் பதில் சொல்லுவீங்களா?"

"பொட்டப்புள்ள மரியாதயாக் கேக்கால்லா? சொல்லாம இருக்க முடியுமா?" பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்களத் தூக்கப் போறியளாமே?"

நான் என் செருப்பைப் பார்த்தேன். பாதுகாப்புக் காலணி போடாமல் வந்திருந்தேன்.

"தூக்குங்க சார். பெருக்கப் போடுங்க, கக்கூஸ் கழுவப் போடுங்க, செய்யுதேன். ஆனா இங்கன ஆளில்லாம இவனுவள எறக்குனீயன்னா மதில் ஏறிக் குதிச்சு வந்து நிப்பேன். சம்பளமில்லாம நிப்பியான்னு மட்டும் கேக்காதீய. அத யோசிச்சுத்தான் சொல்லணும்."

கைபேசி அடித்தது. ரகோத்தமன். "கோமதி, எங்கேப்பா? வந்து கையெழுத்துப் போட்டுடு, நிம்மதியா டீ குடிக்கலாம்."

"இதோ வர்றேன் சார்," என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. கால்தான் வரவில்லை. கண்ணுக்குள் அந்த நாலாவது நிழல் உட்கார்ந்திருந்தது. பல் இல்லாமல்.

"அக்கா, நான் உள்ள இறங்கட்டுமா?"

"நீங்களா?" அவள் என் வயிற்றைப் பார்த்தாள், பிறகு டேங்க் வாயைப் பார்த்தாள், பிறகு மறுபடி வயிற்றை. "எதுக்கு சார் ஆச? சரி, அடகு வைங்க."

பேனாவை நீட்டினேன். "இதுக்காண்டி ஒருத்தன் திரும்பி வருவானா?" என்று தள்ளிவிட்டாள். மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு விரல் அதை விழுங்கிவிட்டிருந்தது. சட்டைப் பைக்குள் கை தானாகப் போனது.

"இது என்ன, பென்டிரைவா?"

"என் கையெழுத்து அக்கா."

"இது இல்லாட்டி?"

"ஆபீஸ்ல நான் ஆளே இல்ல."

"அப்பம் இதான் அடகு," என்று வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள்.

உள்ளே நுழைந்ததை விவரிக்க விரும்பவில்லை. கால் போனது, தொடை போனது, அதற்கப்புறம் கொஞ்ச நேரம் நான் கப்பலின் ஒரு பாகமாக இருந்தேன். கீழேயிருந்து மாசானமுத்து காலைப் பிடித்து இழுக்க, மேலேயிருந்து பிரகாசி, "மூச்ச விடுங்க சார், பூராத்தையும் வெளிய விடுங்க," என்று தலையில் கைவைத்து அமுக்க, ஒருவழியாக விழுந்தேன். ஹெல்மெட் மட்டும் தலையிலேயே இருந்தது. தாடைப் பட்டையை இறுக்கிக் கட்டும் ஒரே ஆள் யார்டில் நான்தான்; பயந்தாங்கொள்ளித்தனத்துக்கும் ஒரு பயன் உண்டு.

மாசானமுத்துவிடமும் கூட இருந்த இரண்டு வெல்டர்களிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய நிழல் எங்கே உட்கார்ந்தது என்பதையும் சொன்னேன். அவர் அந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குழம்பு ஆறிப்போயிருக்குமே," என்றார். பிறகு, "அப்பம் அஞ்சு மணி வரைக்கும் நீங்க வெளிய வரக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ஆனா எனக்குச் சர்க்கரை இருக்கு அண்ணாச்சி. அடிக்கடி பாத்ரூம் போகணும்."

"அத ஷெடியூல்ல போடலியா?"

வெல்டர்கள் சிரித்த சிரிப்பில் டேங்க் மணி மாதிரி அதிர்ந்தது. இரும்பு வாளி ஒன்றைத் தேடிக் கொடுத்தார்கள். அதைப் பற்றியும் விவரிக்க விரும்பவில்லை.

நாலு மணிக்கு மேல் ரகோத்தமனே வந்துவிட்டார். அவர் டேங்க் பக்கம் வந்தது அதுவே முதல் தடவை. நீள்வட்டத்தில் அவர் முகம் கிரகணம் மாதிரித் தெரிந்தது.

"கோமதி! உள்ளே என்ன பண்றே?"

"டேங்கைப் பாக்குறேன் சார்."

"ஒரு நாளாவது டேங்க்கைப் பாத்திருக்கியா நீ?"

"அதனாலதான் சார் நேரமாகுது."

முகம் விலகியது. கூடையில் கிடந்ததைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. "அம்மா, அந்த டோங்கிளைக் குடு."

"தர முடியாது சார்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். தெனமும் பூ அனுப்புவியளே. ஆனா உள்ள இருக்கது நீங்க இல்லையே. வச்சவுக வெளிய வந்து மொகத்தக் காட்டணும்."

"யார் போட்ட ரூல் இது?"

"அது தெரியல சார். வெளிய வந்தவுக யாரும் மாத்தச் சொல்லல."

பிறகு செக்யூரிட்டியைக் கூப்பிட்டு என்னை வெளியே கொண்டுவரச் சொன்னார். செக்யூரிட்டி நல்ல உயரமான ஆள். டேங்க் வாயருகே வந்து குனிந்தான்.

"அடகு," என்றாள் பிரகாசி.

அவன் ரகோத்தமனைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான், விசிலைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினான். எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன சார், ஆளத் தூக்கணும்னாக. உங்களத் தூக்க என்னால ஆகாது," என்றான். மாசானமுத்து அவனுக்கும் தண்ணீர் கொடுத்தார்.

மறுபடி அந்த முகம். இந்தத் தடவை குரலைத் தணித்திருந்தார். "கோமதி, இத்தனை வருஷம் என்கூட இருந்திருக்கே. நான் ஆளைக் கொல்றவனாப்பா? அது ஒரு கணக்கு. கம்ப்யூட்டர்ல நடந்தது."

பொது மேலாளரிடம் நான் அதுவரை எதிர்க்கேள்வி கேட்டதில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. அதனால் 'சார்' என்று தொடங்கினேன்.

"சார், கம்ப்யூட்டர்ல கப்பல் முடிஞ்சா நம்புறீங்க. அந்தத் தேதியை நார்வே வரைக்கும் சொல்லிட்டீங்க. அதே கம்ப்யூட்டர்ல ஆள் செத்தா மட்டும் ஏன் சார் நம்ப மாட்டேங்கிறீங்க?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நம்பினா ரெண்டையும் நம்புங்க. இல்லாட்டி ரெண்டையும் விடுங்க. பாதிக்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சொல்லிவிட்டு, இதைச் சொன்னது யார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் வாளிதான் இருந்தது.

"வேலை போயிடும், கோமதி."

"போகட்டும் சார்." குரல் நடுங்கியது. டேங்குக்குள் எதிரொலித்ததில் கம்பீரமாக ஆகிவிட்டது. அந்த இரும்புக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

"நீங்கள் சும்மா நிற்கிறீர்கள்," என்று மேலே இரண்டு ஹெல்மெட்டுகள் ஒன்றாகச் சொல்வது கேட்டது. ஒன்று பிரகாசியுடையது. மற்றது ரகோத்தமனுடையது.

"ஆமாட்டி," என்றாள் பிரகாசி. ரகோத்தமன் போகவில்லை. அஞ்சு மணிச் சங்கு ஊதும்வரை அங்கேயேதான் நின்றார். ஏன் நின்றார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

நான் வெளியே வந்தபோது பிரகாசி என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு."

டோங்கிளைக் கையில் வைத்தாள். அதை ரகோத்தமன் உடனே வாங்கிக்கொண்டார்.

பிறகு நடந்தவை நீங்கள் எதிர்பார்ப்பவைதான். இடைநீக்கம், விசாரணை, கடைசியில் வேலையை விட்டு நீக்காமல் ஸ்டோருக்கு மாற்றினார்கள். இப்போது நான் கையுறை கொடுக்கும் அதிகாரி. ஒரு ஜோடி கேட்டால் ஒரு ஜோடி கொடுக்கிறேன். பணியில் முதல்முறையாக, நான் சொன்ன நேரத்துக்குக் காரியம் முடிகிறது. அந்தக் கப்பலுக்குப் பழைய அட்டவணையே நின்றது. எல்லா வாயிலும் ஆள் நின்றார்கள். கொட்டுகிற மழையில் கப்பல் கடலில் இறங்கியது; நார்வேக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு முறைத்தார்கள். டேங்குகள் வெறுமையாக இருந்தன. மாசானமுத்து பல்செட் போட்டுக்கொண்டு சிரித்தார்.

அதோடு கதை முடிந்ததென்று நினைத்திருந்தேன். நேற்று மதியம் தீபலட்சுமி கூப்பிட்டாள்.

"சார், மறுபடி நின்னு போச்சுங்க."

"அடுத்த கப்பலா? மறுபடியும் காவலை எடுத்துட்டாரா?"

"எடுத்துட்டாருங்க. இந்தத் தடவை எல்லா வெல்டர் நிழல்ல இருந்தும் அந்தப் பழக்கத்தை மொதல்லயே எடுக்கச் சொல்லிட்டாரு. அப்படியும் நிக்குதுங்க."

"யாரு நிக்கறது?"

அவள் சிரிப்பை அடக்குவது கேட்டது. "நீங்கதானுங்க."

"நான் ஸ்டோர்ல இருக்கேன்."

"உங்க நிழல் சார். உங்க எடத்துக்கு வந்த புது பிளானருக்கு இன்னும் நிழல் வரலைங்க; கொஞ்ச மாசம் பாக்கோணும். அதுவரைக்கும் உள்ள பிளானர் நீங்கதான். அன்னிக்குப் பூரா உங்க ஹெல்மெட் தலையிலதானே இருந்துச்சு? எல்லாத்தையும் கத்துக்கிச்சுங்க. ஷெட்யூலை நீட்டினா கையெழுத்துப் போட மாட்டேங்குது. நேரா மூணாம் நம்பர் டேங்குக்குப் போகுது, வாயில சிக்கிக்குது, அப்பறம் உள்ள போய் உக்காந்துக்குது. ஆயிரம் ஓட்டம் விட்டுப் பாத்தாச்சு. ஆயிரத்துலயும் உக்காந்துக்குதுங்க."

பெருமூச்சு விட்டேன்.

"அதுவும் வந்துடுச்சுங்க சார்," என்றாள்.

"அப்ப அழிச்சிடச் சொல்லியிருப்பாரே?"

"சொல்லிட்டாருங்க. அழிக்கறதுக்கு என் டோங்கிள் வேணும். அஞ்சு மணிக்குள்ள முடிக்கோணுமாமுங்க." பின்னால் கடல் காற்றும், யாரோ இரும்பில் தட்டுகிற சத்தமும் கேட்டன. "அதான் போனை வெக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன். மொத படியில எந்தக் காலை வெக்கோணும்?"

"தீபா, எங்கேருந்து பேசறே?"

"ஏ பிள்ள, வளவளன்னு பேசாம போனையும் சேத்துப் போடு," என்று பிரகாசியின் குரல் தூத்துக்குடி முழுக்கக் கேட்டது. "அந்தக் குச்சியக் கொண்டா. இதான் அடகா? நல்ல அடகுதான்."

"இடது கால்," என்றேன். "ஹெல்மெட்டைக் கழட்டாதே. வாளி இருக்கான்னு கேட்டுக்க. வெளிய வந்ததும் எனக்குப் போன் பண்ணு. அதுவரைக்கும் நான் இங்கேயே..."

இணைப்பு அறுந்தது.

கவுன்டருக்கு வெளியே இரண்டு பேர் கையுறைக்காகக் காத்திருந்தார்கள். நான் கைபேசியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வேறெதுவும் செய்யத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட்டுக்குள் அந்தக் குரல் மிகுந்த மரியாதையோடு பேசியது.

"நீங்கள் சும்மா நிற்கிறீர்கள்."

"ஆமாட்டி," என்றேன்.